பதினொரு பழைய போன்கள் மீது நடந்த சதி

மொன்டெவிடியோ
வியாழக்கிழமை காலை, விடாத மழை

அன்பும் மரியாதையும் மிக்க மாப்பிள்ளை எல்பியோ சோசா அவர்களுக்கு,

மைத்துனன் ஹெபர் தெச்சேரா எழுதிக்கொண்டது. தக்குவாரெம்போவில் தாங்களும், தங்கை சுல்மாவும், செம்மறிகளும், கால் சுளுக்கியிருந்த அந்தச் செவலைக் குதிரையும் சுகமாக இருக்க வேண்டும் என்று விரும்புகிறேன். இங்கே நானும் சுகம் என்று அடுத்த வரியில் எழுதுவதுதான் முறை. எழுதக் கை வரவில்லை. சாப்பாடு இறங்குகிறது, தூக்கம் வருகிறது, இரத்த அழுத்தம்கூடக் கட்டுக்குள்தான் இருக்கிறது. ஆனால் என்னைச் சுற்றி ஒரு சதி நடக்கிறது. அதை நடத்துகிற ஆள் தினமும் என் கையைப் பிடித்துக் குலுக்கி நலம் விசாரிக்கிறான்.

இதைத் தபாலில் போடாமல் கணினியிலேயே அனுப்புவதற்கு மன்னிக்க வேண்டும். முப்பத்து நாலு வருஷம் தபால் பிரிக்கும் வேலை பார்த்து, ஒரு கடிதத்தைக்கூடத் தப்பான வீட்டில் சேர்த்ததாகப் புகார் வராமல் ஓய்வு பெற்றவன், தபாலை விட்டுவிட்டுக் கணினியில் அனுப்புவது எனக்கே உறுத்துகிறது. என்ன செய்ய, சனிக்கிழமை எங்கள் சங்கக் கூட்டம். அதற்குள் இது உங்கள் கையில் இருந்தாக வேண்டும். நீங்கள் போலீசில் இருபத்தாறு வருஷம் மாட்டுத் திருட்டுப் பிரிவில் இருந்தவர். பதினாலு கிடாரிகளைக் கடத்தியவனை அவன் போட்டிருந்த பூட்சில் ஒட்டியிருந்த சாணியை வைத்தே பிடித்தவர். அந்த மூளை எனக்கு இப்போது அவசரமாகத் தேவைப்படுகிறது.

எங்கள் ‘நவம்பர் பன்னிரண்டு’ கூட்டுறவு வீட்டுச் சங்கத்தைப் பற்றி உங்களுக்குத் தெரியும். முப்பது குடும்பம், நாங்களே கல் சுமந்து நாங்களே கட்டுகிற முப்பது வீடுகள். குடும்பத்துக்கு வாரம் இருபத்தொரு மணி நேர உழைப்பு. எந்த வீடு யாருக்கு என்பது கடைசியில் சீட்டுக் குலுக்கும்போதுதான் தெரியும், அதனால் எவனும் தன் வீட்டுச் சுவரை மட்டும் நேராகக் கட்டிக்கொள்ள முடியாது. அந்தக் குலுக்கல் அடுத்த ஞாயிற்றுக்கிழமை. நூறு மணிக்கு மேல் உழைப்பு பாக்கி வைத்தவர் குலுக்கலில் சேர முடியாது, அவர் வீடு காத்திருப்போர் பட்டியலில் முதலில் நிற்கிறவருக்குப் போய்விடும் என்பது சட்டம். நாலு வருஷமாக இந்த மணிகளைக் குறித்துவந்தவன் வேலைக்குழுச் செயலாளர் எல்பியோ கார்தோசோ. உங்கள் பெயரேதான், என்ன செய்வது, பெயருக்கா குற்றம். பச்சை அட்டை நோட்டு ஒன்று, காதில் ஒரு பென்சில், கொடியில் தொங்கும் ஈரத்துணி மாதிரி ஒரு மீசை. அந்த நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஜனாதிபதி போலத் திரிந்துகொண்டிருந்தான். சிமென்ட் மூட்டை ஒன்றை அவன் தூக்கி நான் பார்த்ததில்லை.

ஓய்வு பெற்றவர்களுக்கான போன் புரோகிராம் வகுப்பில் எட்டு மாதம் படித்தேன் என்று சுல்மாவிடம் சொல்லியிருந்தேன் அல்லவா? அதை வைத்து இந்த மணிகளைக் குறிக்க நானே ஓர் ஆப் எழுதினேன். வேலைக்கு வந்ததும் ‘வந்தேன்’ என்ற பொத்தானை அழுத்த வேண்டும், கிளம்பும்போது ‘போகிறேன்’. தேதியும் நேரமும் தானாகப் பதிவாகிவிடும். ஏப்ரல் கூட்டத்தில் கைதட்டி ஏற்றுக்கொண்டார்கள். இனிமேல் தாளில் எழுதக் கூடாது என்று தீர்மானமே போட்டார்கள். அன்றைக்குக் கார்தோசோ தன் நோட்டை மூடிய விதத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். என்னைத் திட்டவில்லை, முறைக்கவும் இல்லை. “நல்லா பண்ணியிருக்கய்யா, ஹெபர்” என்றான். அப்போதே எனக்குச் சுருக்கென்றது. எவனாவது தன் பதவி போன அன்று அப்படிச் சொல்வானா?

போன திங்கட்கிழமை குலுக்கலுக்கான பட்டியலை ஆப்பிலிருந்து எடுத்துக் கருவிக் கொட்டகைச் சுவரில் ஒட்டினேன். பதினொரு குடும்பங்களுக்கு நேராக, செப்டம்பர் முதல் வாரத்திலிருந்து, சுத்தமாகப் பூஜ்யம். ஆறு வாரம், நூற்று இருபத்தாறு மணி. அந்தப் பதினொரு பேரில் நீபியா லார்ரோசாவும் ஒருவர். பள்ளிக்கூடத்தில் சமையல்காரராக இருந்து ஓய்வு பெற்றவர், அறுபத்து நாலு வயது, எங்கள் முப்பது குடும்பத்தில் நூல் பிடிக்காமலே நேராகச் செங்கல் வைக்கத் தெரிந்த ஒரே ஆள். ஒரு சனிக்கிழமைகூட வராமல் இருந்ததில்லை. பட்டியலை இரண்டு தரம் படித்துவிட்டுக் கையிலிருந்த சாந்துக் கரண்டியோடு என்னிடம் வந்தார்.

“ஹெபர், நான் வரலையா?”

“வந்தீங்க. நான் பாத்தேனே.”

“அப்ப உங்க கம்ப்யூட்டர் பாக்கலையா?”

“பொத்தானை அமுக்கினீங்களா?”

“அமுக்காம? அமுக்கினதும் டப்புனு மூடிக்கும். சரி, வேலை முடிஞ்சிடுச்சு, போயிடுச்சுன்னு நானும் போனைப் பையில போட்டுக்குவேன்.”

பதினொரு பேரும் இதையேதான் சொல்கிறார்கள், மாப்பிள்ளை. அழுத்தியதும் மூடிக்கொள்கிறது, அதுதான் அதன் வழக்கம் என்று ஆறு வாரமாக நிம்மதியாக இருந்திருக்கிறார்கள். என் போனில் அழுத்திப் பார்த்தேன், ஒழுங்காகப் பதிவாகிறது. கார்தோசோவின் போனிலும் பதிவாகிறது. அப்போதுதான் என் மண்டையில் அந்த உண்மை இறங்கியது. ஆகஸ்டில் ஒரு ஓட்டெடுப்பு நடந்தது. மிச்சமிருக்கும் செங்கலில் முதலில் எதைக் கட்டுவது, எல்லோரும் சேர்ந்து இறைச்சி சுடும் பொது அடுப்பா, பிள்ளைகள் விளையாடும் இடமா? விளையாட்டு இடத்துக்குப் பதினெட்டு ஓட்டு, அடுப்புக்குப் பன்னிரண்டு. ஆப் மூடிக்கொள்ளும் பதினொரு பேரும் அடுப்புக் கோஷ்டி! ஒருவர்கூட விளையாட்டுக் கோஷ்டியில் இல்லை. இது தற்செயலா? பன்னிரண்டாவது அடுப்பு ஓட்டு என்னுடையது, என் போன் மட்டும் வேலை செய்கிறது, அதனால் அந்தப் பதினொரு பேரும் இப்போது என்னையே ஒரு மாதிரி பார்க்கிறார்கள். சதியின் அழகே அதுதான்.

கார்தோசோ விளையாட்டுக் கோஷ்டியின் தலைவன். திங்கட்கிழமையிலிருந்து அவனைக் கவனித்து வருகிறேன். நீங்கள் மாட்டுத் திருடனைக் கவனிப்பதுபோல, பார்க்காதமாதிரி. கண்டதை எழுதுகிறேன். ஒன்று, கலவை எந்திரத்துக்குப் பின்னால் அடிக்கடி போய்க் குனிந்து ஏதோ எழுதுகிறான். நான் பக்கத்தில் போனால் சட்டைக்குள் செருகிக்கொள்கிறான். இரண்டு, அவனிடம் இரண்டு போன்கள் இருக்கின்றன. நேர்மையானவனுக்கு எதற்கு இரண்டு? அப்புறம் இந்த மாத்தே விவகாரம். காலையில் வட்டமாக நின்று ஒரே குடுவையில் மாத்தே இலைச்சாறு குடிக்கும்போது ஊற்றிக்கொடுப்பது அவன்தான், ஃபிளாஸ்க் அவன் கக்கத்தில்தான் இருக்கும். ‘நன்றி’ சொல்லிக் குடுவையைத் திருப்பிக் கொடுத்தால் போதும் என்று அர்த்தம், அது நம் நாட்டில் கைக்குழந்தைக்கும் தெரியும். செவ்வாய்க்கிழமை நான் நன்றி சொன்ன பிறகும் மறுபடி நிரப்பி என்னிடமே நீட்டினான். “குடிய்யா, முகம் வாடியிருக்கு” என்றான். என் முகம் வாடினதில் இவனுக்கு என்ன அக்கறை? குடிக்காமல் செடிக்கு ஊற்றிவிட்டேன். செடி இதுவரை நன்றாகத்தான் இருக்கிறது, இருந்தாலும் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

இன்னொரு விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன், இது சுல்மாவுக்குக்கூடத் தெரிய வேண்டாம். எனக்கு நீபியாவைப் பிடித்திருக்கிறது. இந்த வயதில் இதை எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன். நாலு வருஷமாக அவர் அடுக்குகிற செங்கலுக்குச் சாந்து எடுத்துக் கொடுப்பவன் நான்தான். அவர் ஒரு வரிசை முடித்துவிட்டுக் கொஞ்சம் பின்னால் நகர்ந்து, தலையைச் சாய்த்து அதைப் பார்ப்பார். அந்த ஒரு நிமிஷத்துக்காகத்தான் நான் வாரம் இருபத்தொரு மணி நேரம் மண் சுமக்கிறேன். குலுக்கலில் அவருக்குப் பக்கத்து வீடு விழ வேண்டும் என்று வேண்டிக்கொண்டிருந்தவன், இப்போது என் ஆப்பாலேயே அவருக்கு வீடே இல்லாமல் போகப் போகிறது. அவர் இருப்பது தம்பி வீட்டு வராந்தாவில் தடுத்த ஓர் அறையில். சனிக்கிழமை கூட்டத்தில் எழுந்து நின்று கார்தோசோவை எல்லோர் முன்னாலும் கேட்கப் போகிறேன். நீங்கள் வெள்ளிக்கிழமை பஸ்ஸில் கிளம்பி வந்து பக்கத்தில் நிற்க வேண்டும். பழைய யூனிபார்ம் இருந்தால் போட்டுக்கொண்டு வரவும், தொப்பியாவது.

இதுவரை எழுதியதை முதலில் அனுப்பிவிடுகிறேன். என்னையும் என் கணினியையும் யாராவது ஏதாவது செய்துவிட்டால் ஆதாரம் உங்களிடம் இருக்கட்டும். ‘எல்’ என்று அடிப்பதற்குள் முழுப் பெயரையும் கணினியே போட்டுவிடுகிறது. இந்த வசதி தபாலில் இருந்திருந்தால் என் கண் இவ்வளவு கெட்டிருக்காது.

வியாழக்கிழமை மாலை, இன்னும் மழை

மாப்பிள்ளை, தொடர்கிறேன். நாலு மணிக்கு வாசலில் கைதட்டிக் கூப்பிடும் சத்தம். நீபியா. மழை பெய்தால் சுட வேண்டுமே, தட்டு நிறைய தோர்த்தா ஃபிரீத்தா ரொட்டியை எண்ணெயில் பொரித்துத் துணி போட்டு மூடிக் கொண்டுவந்திருந்தார். இன்னொரு கையில் அவருடைய போன். கண்ணாடி விரிசல் விட்டு, பின்மூடி கழன்றுவிடாமல் ரப்பர் வளையம் போட்டது.

“சனிக்கிழமை என்ன பேசப்போறீங்கன்னு ஊரே பேசுது. பேசறதுக்கு முன்னாடி இந்தப் போனை ஒரு தடவை பிரிச்சுப் பாத்தீங்களா?”

“போன்ல என்ன இருக்கு, இது ஆளுங்க பண்ற வேலை.”

“ஆளை அப்புறம் பிடிங்க. மொதல்ல இதைப் பாருங்க. ரொட்டி ஆறிடும், சீக்கிரம்.”

வாஸ்தவம், நான் இதுவரை பார்த்ததெல்லாம் என் புதுப் போனில்தான். நீபியாவின் போனைக் கம்பி போட்டுக் கணினியோடு இணைத்தேன். ‘வந்தேன்’ பொத்தானை அழுத்தினார். டப்பென்று மூடிக்கொண்டது. கணினித் திரையில் சிவப்பு எழுத்தில் நாற்பது வரி ஓடியது. சிவப்பு எழுத்து என்றால் திட்டுகிறது என்று தெரியும், எதற்காகத் திட்டுகிறது என்று தெரியவில்லை. படம் பிடித்து வகுப்பு ஆசிரியை மீர்த்தாவுக்கு அனுப்பினேன். அந்த அம்மா எழுதிப் பதில் போடமாட்டார், குரலில்தான் அனுப்புவார். பின்னணியில் கோழி கொக்கரிக்க, பதில் வந்தது:

“ஹெபர் சார், தேதியை எழுதித் தர்ற கிளாஸ் இந்தப் போன்ல இல்லவே இல்லைன்னு அழுவுது. நீங்க தப்பான கிளாஸை இம்போர்ட் பண்ணியிருக்கீங்க. கீழ தேடாதீங்க. மேல பாருங்க. முதல் பத்து வரி. அந்த வரிகளை நீங்க எப்பவாவது படிச்சிருக்கீங்களா, சார்?”

படித்ததில்லை, மாப்பிள்ளை. விஷயம் இதுதான். புரோகிராமில் எல்லா வேலையையும் நாமே எழுதுவதில்லை. தேதியை அழகாக எழுதித் தர, நேரம் பார்க்க, எழுத்தைப் பெரிதாக்க என்று யாரோ ஏற்கெனவே எழுதிவைத்த ‘கிளாஸ்’ என்ற துண்டு புரோகிராம்கள் இருக்கின்றன. இன்ன கிளாஸை இன்ன இடத்திலிருந்து கூப்பிடுகிறேன் என்று தலைப்பில் ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி, அதுதான் இம்போர்ட். தேதி எழுதித் தருகிற கிளாஸ் ஒரே பெயரில் இரண்டு இருக்கிறது! செய்கிற வேலையும் ஒன்றேதான். ஒன்று பழைய இடத்தில் இருப்பது, அதை எல்லாப் போனுக்கும் தெரியும். மற்றது பிறகு வந்த புது இடத்தில் இருப்பது, ஆறேழு வருஷத்துக்குள் வந்த போனுக்கு மட்டும்தான் அந்த இடம் தெரியும். என் தலைப்பு வரி புது இடத்தைக் காட்டிக்கொண்டிருந்தது. அதனால் புதுப் போனில் ஓடுகிறது, பழைய போன் அங்கே போய்த் தேடி, ஆளைக் காணாமல், அப்படியே விழுந்துவிடுகிறது. இறைச்சி அடுப்புக்கு ஓட்டுப் போட்டவர்கள் எல்லோரும் அறுபது தாண்டியவர்கள். அறுபது தாண்டியவர்களில் என்னைத் தவிர எல்லோரும் பிள்ளைகள் கொடுத்துவிட்டுப் போன பழைய போன் வைத்திருப்பவர்கள். அந்தக் கோஷ்டிக் கணக்கு அப்படித்தான் வந்திருக்கிறது.

அந்த ஒரு வரியை அழித்தேன். அழித்ததும் கீழே தேதி வருகிற இடமெல்லாம் சிவப்பாகியது. இரண்டு விசையைச் சேர்த்து அழுத்தினால் எந்த இடத்திலிருந்து வேண்டும் என்று கணினியே ஒரு பட்டியலை நீட்டும். இரண்டு பேர் இருந்தார்கள். முதலில் புது இடம், அதற்குக் கீழே பழைய இடம். கீழே உள்ளதைத் தேர்ந்தெடுத்தேன். சிவப்பு போயிற்று. இத்தனை நாள் அங்கே நெளிந்துகொண்டிருந்த மஞ்சள் கோடும் போயிற்று. அந்த மஞ்சள் கோடு பழைய போனுக்கு ஆகாது என்ற எச்சரிக்கையாம். அழகுக்குப் போட்டிருக்கிறார்கள் என்று நினைத்திருந்தேன். ஆப்பை மறுபடி நீபியாவின் போனில் ஏற்றினேன். அவர் விரலைத் துடைத்துக்கொண்டு அழுத்தினார். மூடவில்லை! விரிசலுக்கு அடியில் தேதி, மாதம், மணி, நிமிஷம் எல்லாம் பளிச்சென்று வந்து நின்றது. எனக்குக் கண் கலங்கிவிட்டது, வெட்கமில்லாமல் சொல்கிறேன். இரண்டு பேரும் ஆளுக்கு ஒரு ரொட்டி எடுத்துக்கொண்டோம்.

பாதி ரொட்டியில் நீபியா கேட்டார்:

“இனிமே சரி. போன ஆறு வாரம்?”

கையிலிருந்த ரொட்டியைத் தட்டில் வைத்துவிட்டேன். பதிவாகாதது பதிவாகாததுதான். அந்த நூற்று இருபத்தாறு மணி எங்கேயும் இல்லை. தேடி எடுக்க வழி இல்லை.

“இதைப் பண்ணினவன் பதில் சொல்லணும். யார் எந்த வரியை எப்ப மாத்தினாங்கன்னு கம்ப்யூட்டர் குறிச்சு வச்சிருக்கும். இப்பவே காட்டறேன் பாருங்க” என்று வீராப்பாக அந்தப் பக்கத்தைத் திறந்தேன். திறந்திருக்கக் கூடாது. செப்டம்பர் மூன்று, சனிக்கிழமை, காலை பதினொன்று நாற்பது, ஹெபர் தெச்சேரா என்று இருந்தது.

என் பெயரில் யாரோ புகுந்து செய்திருக்கிறார்கள் என்றேன். அன்றைக்குக் கார்தோசோ என் பக்கத்தில்தான் நின்றான், ஒரு கையால் மாத்தே கொடுத்துக்கொண்டு என் கவனத்தைக் கலைத்தான் என்றேன். நீபியா என்னையே பார்த்தார். கோணலாகச் செங்கல் வைத்தவனை அவர் பார்க்கும் பார்வை அது. அந்தப் பார்வையில் எனக்கு எல்லாம் ஞாபகம் வந்துவிட்டது. சிமென்ட் மூட்டைமேல் கணினியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தலைப்பில் உள்ள வரிகள் எதுவும் செய்யாமல் வெட்டியாகக் கிடக்கின்றன என்று கூட்டித் தள்ளினேன். எல்லாம் சிவந்தது. பட்டியல் நீண்டது. முதலில் இருந்ததை அழுத்தினேன். தபால் நிலையத்தில் எங்கள் பிரிவில் அதுதான் வழக்கம். ஒரே தெருவில் ஒரே பெயரில் இரண்டு பேர் இருந்தால் முதல் வீட்டில் போடு, அவர்களுக்குள் பார்த்துக்கொள்வார்கள். முப்பத்து நாலு வருஷம் அப்படித்தான் பிரித்தேன். புகார் வந்ததில்லை. பக்கத்து வீட்டுக்காரர்கள் ஒருவருக்கொருவர் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறார்கள் போலிருக்கிறது.

“சனிக்கிழமை நீங்களே சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?” என்றார் நீபியா. பதிலுக்குக் காத்திராமல் குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். தட்டை மட்டும் விட்டுவிட்டுப் போயிருக்கிறார்.

நான் யோசித்துவிட்டேன், மாப்பிள்ளை. கோழைத்தனம் என்று நீங்கள் நினைத்தாலும் சரி. நான்தான் என்று எழுந்து சொன்னால் மட்டும் அந்தப் பதினொரு பேருக்கு மணி திரும்பி வந்துவிடப் போகிறதா? என் பெயர் கெடுவதுதான் மிச்சம். கார்தோசோ பக்கத்தில் நின்றது உண்மை. மாத்தே கொடுத்தது உண்மை. சட்டைக்குள் எதையோ ஒளிக்கிறான், அதுவும் உண்மை. ஆகவே என் தீர்மானத்தில் மாற்றமில்லை, அவனைத்தான் கேட்கப் போகிறேன். தொப்பியை மறக்க வேண்டாம்.

தங்கைக்கு என் அன்பைச் சொல்லவும். செவலைக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கவும். கம்பளி வெட்டு இந்த வருஷம் மழையில் சிக்காமல் நல்லபடியாக முடியட்டும், உங்கள் வாசலில் எந்தத் திருடனும் காலெடுத்து வைக்காமல் இருக்கட்டும் என்று மனதார வேண்டும்,

உங்கள் மைத்துனன்
ஹெபர் தெச்சேரா

பின்குறிப்பு, வெள்ளிக்கிழமை காலை: மேலே உள்ள எதையும் நம்ப வேண்டாம். பஸ் டிக்கெட்டும் எடுக்க வேண்டாம். இந்த இரண்டாம் பகுதியை அனுப்பப் போன நேரத்தில் வாசலில் பலமாகக் கைதட்டல். ஜன்னலைத் திறந்தால் மழைக்கோட்டு போட்ட ஓர் உருவம்.

“மச்சான்! மாப்பிள்ளை வந்திருக்கேன், கதவைத் திற!”

உங்கள் குரல் இல்லை. அந்த மீசை. கார்தோசோ. பின்னால் குடை பிடித்துக்கொண்டு நீபியா. கணினிக்கு ஓடிப்போய் நேற்றுக் காலை அனுப்பியதைப் பார்த்தேன். ‘எல்’ என்று அடித்ததும் இரண்டு எல்பியோவைக் காட்டியிருக்கிறது. சங்கத்து எல்பியோ முதலில், நீங்கள் கீழே. நான் எதை அழுத்தியிருப்பேன் என்று உங்களுக்கே தெரியும்.

கார்தோசோ உள்ளே வந்து, கோட்டைக் கழற்றி, நாற்காலியில் உட்கார்ந்து, என் கடிதத்தை எடுத்து மடியில் விரித்தார். அச்சடித்தே கொண்டுவந்திருந்தார்.

“சில திருத்தம் இருக்கு. மீசையைப் பத்தி எழுதினது பரவால்ல, வீட்லயும் அதான் சொல்றாங்க. ரெண்டாவது போன் எங்கம்மாவோடது, ரிப்பேருக்குக் கொண்டுபோனேன். மூட்டை தூக்க மாட்டான்னு எழுதியிருக்க பாரு, அதுதான் மனசு கஷ்டமாப் போச்சு. குடலிறக்கம்யா எனக்கு. ரெண்டு ஆபரேஷன். வெளிய சொன்னா வேலையில சேத்துக்க மாட்டீங்கன்னு சொல்லலை.”

“செடி?” என்று கேட்டேன். வேறு என்ன கேட்பது என்று தெரியவில்லை.

“செடி உயிரோட இருக்கு, வரும்போது பாத்தேன். சரி, சட்டைக்குள்ள என்னன்னு கேட்டியே, இந்தா.”

பச்சை அட்டை நோட்டு. ஒரு பிளாஸ்டிக் பையில் சுற்றி வைத்திருந்தார். ஏப்ரலில் தாள் கூடாது என்று தீர்மானம் போட்ட அடுத்த நாளிலிருந்து, ஒரு நாள் விடாமல், முப்பது குடும்பத்தின் மணிகளும் பென்சிலில். நீபியாவின் நூற்று இருபத்தாறும் இருந்தது, வந்த நேரம், போன நேரம், எந்தச் சுவர் என்பதோடு. பதினொரு பேருடையதும் இருந்தது.

“உன் ஆப் மேல எனக்கு ஆரம்பத்துலேர்ந்தே சந்தேகம். உங்கிட்ட சொன்னா நீ வருத்தப்படுவ, கூட்டத்துல சொன்னா நோட்டைப் பிடுங்கிடுவாங்க. அதான் எந்திரத்துக்குப் பின்னாடி. நாளைக்கு நீ பண்ணினதை நீ சொல்லிடு, நான் எழுதினதை நான் சொல்லிடறேன். ரெண்டு பேரும் சேந்து திட்டு வாங்கிப்போம்.”

எனக்கு எழுந்து அவரைக் கட்டிக்கொள்ளத் தோன்றியது, கட்டிக்கொண்டேன். சொல்லிவிடுகிறேன் என்றேன். நாளைக்குச் சொல்லவும் போகிறேன். நோட்டில் என் பெயருக்கு நேராகவும் பார்த்தேன். செப்டம்பர் மூன்றாம் தேதிக்கு இரண்டு மணி நேரம் குறைத்திருக்கிறார். மூட்டைமேல் உட்கார்ந்து கணினி தட்டினால் அது வேலை ஆகாதாம். வாதாடினேன், கேட்கவில்லை.

அப்புறம்தான் எனக்கு அந்தப் பத்தி ஞாபகம் வந்தது. சுல்மாவுக்குக்கூடத் தெரிய வேண்டாம் என்று எழுதினேனே, அது. கார்தோசோவைப் பார்த்தேன். அவர் கூரையைப் பார்த்தார்.

“நான் வாசிக்கலைய்யா, சத்தியமா. என் பொண்டாட்டிதான் சத்தமா வாசிச்சா. மணிக்குக் கையெழுத்து வாங்க நேத்து ராத்திரி நீபியாவை வீட்டுக்குக் கூப்பிட்டிருந்தோம், அவங்க அப்ப அங்கதான் இருந்தாங்க. இதுல ஒரு விஷயம், ஒரு குடும்பத்துக்கு ஒரு வீடுதான் சட்டம். அப்படி ஏதாவது ஆச்சுன்னா முன்னாடியே சொல்லிடு, எனக்கு நோட்டுல மாத்தணும்.”

நீபியா மேசையில் கிடந்த தன் தட்டை எடுத்து முந்தின நாள் எண்ணெயைத் துடைத்துக்கொண்டிருந்தார். நிமிராமலே சொன்னார்:

“அவசரப்படாதீங்க. மொதல்ல ரெண்டு பேருக்கும் தனித்தனியா சீட்டு விழட்டும். யாருக்கு வடக்குப் பாத்து நல்லா வெயில் வர்ற வீடு விழுதோ, மத்தவங்க அங்க வந்துக்கலாம்.”

ஆகவே, மாப்பிள்ளை, சனிக்கிழமை வர வேண்டாம், அடுத்த ஞாயிற்றுக்கிழமை வாருங்கள், சுல்மாவோடு, தொப்பி இல்லாமல். முதல் பகுதியையும் சேர்த்தே அனுப்புகிறேன், இந்தத் தடவை உங்கள் பெயருக்குக் கீழே உள்ள முகவரியை மூன்று முறை படித்தேன், நீபியா ஒருமுறை படித்துச் சரி என்றார். ஒரே ஒரு சின்ன விஷயம். குலுக்கலன்று சீட்டுப் பையைப் பிடிக்கப்போவது கார்தோசோ. நீபியா அப்படிச் சொன்னதும் அவர் என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். மாட்டுத் திருட்டுப் பிரிவில் இதற்கு என்ன அர்த்தம் என்று உடனே எழுதவும்.